குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுக்கையில் மயக்கம் எதற்கு? பெற்றோர் அறிய வேண்டியவை

அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பது எவருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆனால், ஒரு படம் எடுப்பதற்காகக் குழந்தைக்கு மயக்கம் தர வேண்டியிருக்கும் என்று நாங்கள் கூறும்போது பெற்றோரின் முகம் மாறிவிடுகிறது. "கத்தி படப் போவதில்லை, வலியும் இல்லை என்கிறீர்கள். பிறகு மயக்கம் எதற்கு, டாக்டர்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கேட்கத் தயங்கி மனத்துக்குள் வைத்துக்கொள்ளும் இன்னொரு கேள்வியும் அவர்களுக்கு உண்டு. "என் குழந்தை நல்லபடியாக விழித்துக்கொள்ளுமா?" என்பதே அது.

முதலில் இரண்டாம் கேள்விக்கு விடை கூறிவிடுகிறோம். பயிற்சி பெற்ற மருத்துவர் உடனிருந்து, உரிய கருவிகளோடு கண்காணித்துத் தரும் மயக்கத்தில் பெருந்தீங்கு நேர்வது மிக அரிது. எனினும் அந்தப் பாதுகாப்பு தானாக வருவதன்று. எங்கள் பக்கத்தில் சில கடமைகள் உள்ளன. உங்கள் பக்கத்திலும் சில உள்ளன. அவற்றின் காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். காரணம் தெரிந்தால்தான், "பட்டினி போடுகிறார்கள்", "சளிக்காகத் திருப்பி அனுப்புகிறார்கள்" என்று எங்கள்மேல் வரும் வருத்தம் குறையும்.

அசையாமல் இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம்?

எக்ஸ்ரே நொடிப்பொழுதில் முடிந்துவிடும். அல்ட்ராசவுண்ட் பரிசோதனையின்போது குழந்தை சற்று அசைந்தாலும் மருத்துவர் கருவியை நகர்த்தித் தேவையான பகுதியைப் பார்த்துக்கொள்வார். சி.டி. ஸ்கேன் படப்பிடிப்பும் இன்றைய இயந்திரங்களில் சில நொடிகளில் நிறைவடைகிறது. ஆகவே, இவற்றுக்குப் பெரும்பாலான குழந்தைகளிடத்தில் மயக்கம் தேவைப்படுவதில்லை.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அவ்வாறன்று. அது ஒரே சொடுக்கில் எடுக்கும் புகைப்படம் அன்று. உடலிலிருந்து வரும் நுண்ணிய சைகைகளைப் பல நிமிடங்கள் தொடர்ந்து சேகரித்து, அவற்றை ஒன்றுசேர்த்தே இயந்திரம் ஒரு தொகுதிப் படத்தை உருவாக்குகிறது. நடுவில் தலை சற்றே திரும்பினாலும் அத்தொகுதி முழுவதும் மங்கிப் போய்விடும். மூளைக்கான பரிசோதனையில் இத்தகைய தொகுதிகள் பல எடுக்கப்படுகின்றன. மொத்தம் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். முதுகுத்தண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமெனில் இன்னும் நேரம் கூடும்.

இத்தனை நேரமும் குழந்தை ஒரு குறுகிய குகை போன்ற குழாய்க்குள் தனியே படுத்திருக்க வேண்டும். உள்ளே எழும் தட்டல் ஓசை நூறு டெசிபெலையும் கடக்கக்கூடியது. பெரியவர்களே சிலர் "என்னால் முடியாது, வெளியே எடுங்கள்" என்று கூறிவிடும் இடத்தில், மூன்று வயதுக் குழந்தை அம்மாவின் கை எட்டாத தொலைவில் அசையாமல் கிடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயலாத காரியம். மங்கிய படத்தை வைத்துக்கொண்டு வலிப்புக்குக் காரணமான சிறு வடுவையோ, தொடக்க நிலையில் உள்ள கட்டியையோ கண்டறிய முடியாது. தெளிவற்ற படம், படமே எடுக்காததைவிடச் சில வேளைகளில் கெடுதலானது. ஏனெனில், "ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை" என்ற பொய்யான நிம்மதியை அது தந்துவிடும்.

"அப்படியானால் விரைவாக முடியும் சி.டி. ஸ்கேனையே எடுத்துவிடலாமே" என்று சிலர் கேட்பதுண்டு. தலையில் அடிபட்டு வரும் அவசர நிலையில் நாங்களும் அதையே செய்கிறோம். ஆனால் சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிர்களைப் பயன்படுத்துவது. வளரும் குழந்தையின் திசுக்கள் பெரியவர்களின் திசுக்களைவிடக் கதிர்வீச்சுக்கு எளிதில் பாதிப்படைபவை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அத்தகைய கதிர்வீச்சு இல்லை. மூளை, நரம்பு, தசை போன்ற மென்திசுக்களை அது பெரும்பாலும் தெளிவாகவும் காட்டுகிறது. எனவே மயக்கத்தைத் தவிர்ப்பதற்காக மட்டும் ஸ்கேனின் வகையை மாற்றுவது எல்லா நேரத்திலும் சரியான முடிவாகாது.

மயக்கம் இன்றி முடியுமா?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதற்கு முன்பே நாங்கள் எங்களைக் கேட்டுக்கொள்கிறோம். தவிர்க்க முடிந்த மயக்கமே மிகப் பாதுகாப்பான மயக்கம்.

பிறந்து மூன்று மாதங்களுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படுவதில்லை. ஸ்கேனுக்குச் சற்று முன்பு வயிறு நிறையத் தாய்ப்பால் கொடுத்து, துணியில் இதமாகச் சுற்றி, காதுகளை மூடி, விளக்கைக் குறைத்துவிட்டால் குழந்தை இயல்பாகவே உறங்கிவிடும். இம்முறையில் தாயின் ஒத்துழைப்பே மருந்து. வரும் வழியில் குழந்தையை உறங்கவிடாமல், இங்கு வந்தபின் பசியாற்றினால் வெற்றி வாய்ப்பு அதிகம். இதில் பட்டினி வேண்டியதில்லை என்பதால், உங்கள் குழந்தைக்கு எந்த முறை முடிவு செய்யப்பட்டுள்ளது என்பதை முன்பே தெளிவாகக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

ஏறத்தாழ ஆறு, ஏழு வயதைக் கடந்த குழந்தைகள் பலர், முறையாகப் பழக்கினால் விழித்தபடியே ஒத்துழைக்கின்றனர். ஸ்கேன் ஓசையைக் கைப்பேசியில் முன்கூட்டியே கேட்கச் செய்வது, வீட்டில் மேசைக்கு அடியில் "சிலை விளையாட்டு" விளையாடுவது, பிடித்த பொம்மைக்கு முதலில் "ஸ்கேன்" எடுத்துக் காட்டுவது ஆகியவை நல்ல பயன் தருகின்றன. "ஊசி போட்டுவிடுவார்கள், பேசாமல் படு" என்று அச்சுறுத்துவது மட்டும் வேண்டா. அஞ்சிய குழந்தை அசையாமல் இருப்பதில்லை.

இவற்றுக்கு இடைப்பட்ட வயதினருக்கும், ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம், கட்டுப்படாத வலிப்பு போன்ற நிலைகளில் உள்ள குழந்தைகள் பலருக்கும் மயக்கம் தவிர்க்க முடியாததாகிறது. வயதை மட்டும் கொண்டு இதை முடிவு செய்ய இயலாது. உங்கள் குழந்தையின் இயல்பை உங்களைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. அதனால் உங்கள் கருத்தையும் கேட்டே முடிவு செய்கிறோம்.

உறக்கமும் மயக்கமும் ஒன்றல்ல

பார்ப்பதற்குக் குழந்தை உறங்குவது போலவே இருக்கும். ஆனால் இயல்பான உறக்கத்தில் உடலின் காவல் விழித்திருக்கிறது. எச்சில் தொண்டையில் தேங்கினால் விழுங்கும். மூச்சுவழி அடைபட்டால் புரண்டு படுக்கும். வயிற்றிலிருந்து ஏதேனும் மேலே வந்தால் இருமி வெளியேற்றும். மயக்க நிலையில் இந்தக் காவல் தளர்கிறது. மயக்கம் ஆழமாகும்போது முற்றிலும் நின்றுவிடுகிறது. அப்போது அந்தக் காவலை ஏற்றுக்கொள்பவர் மயக்கவியல் மருத்துவர்.

மயக்கத்தில் படிநிலைகள் உண்டு. அழைத்தால் விழிக்கும் இலேசான மயக்கம், தட்டினால் மட்டுமே அசையும் ஆழ்ந்த மயக்கம், எதற்கும் விழிக்காத முழு மயக்கம் என அவற்றைப் பிரித்துச் சொல்லலாம். ஆனால் இவற்றுக்கிடையே கதவோ தாழ்ப்பாளோ இல்லை. ஒரே எடையுள்ள இரு குழந்தைகளுக்கு ஒரே அளவு மருந்து கொடுத்தாலும், ஒன்று விழித்து அழும். மற்றொன்று நாங்கள் எண்ணியதைவிட ஆழமாக அமிழ்ந்துவிடும். இதனாலேயே, இலேசான மயக்கம் என்று திட்டமிட்டாலும், முழு மயக்கத்தைக் கையாளும் ஆற்றலும் கருவிகளும் அருகில் இருக்க வேண்டும் என்பது விதி.

குழந்தை என்பது சிறிய உருவில் உள்ள பெரியவர் அன்று. உடலோடு ஒப்பிடுகையில் அதன் தலையும் நாக்கும் பெரியவை. மூச்சுக்குழாய் மிகக் குறுகியது. மல்லாந்து படுத்த நிலையில் கழுத்து சற்று முன்னோக்கி மடிந்தாலே காற்று செல்லும் வழி அடைபடக்கூடும். எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், கைக்குழந்தை பெரியவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவிடுகிறது. நுரையீரலில் அதற்குள்ள இருப்போ குறைவு. ஆகவே மூச்சு தடைபட்டால் பெரியவரிடம் சில நிமிடங்களில் நேரும் மாற்றம் குழந்தையிடம் அதற்கு முன்னதாகவே நேர்ந்துவிடும்.

மருந்துகளைப் பற்றியும் சில சொற்கள். டிரைக்ளோஃபாஸ் என்ற இனிப்புப் பாகு நெடுநாளாகப் பயன்பட்டு வருகிறது. அது செயல்படத் தொடங்கும் நேரமும் நீடிக்கும் நேரமும் குழந்தைக்குக் குழந்தை மாறும். மிடசோலாம் அச்சத்தைத் தணிக்கும்; ஆனால் சில குழந்தைகளிடம் நேர்மாறாகப் படபடப்பையும் அழுகையையும் உண்டாக்கும். டெக்ஸ்மெடிடோமிடின் மூக்கின் வழியாகவும் கொடுக்கக்கூடியது. இயல்பான உறக்கத்தை ஒத்த நிலையைத் தரும். இதயத் துடிப்பைக் குறைக்கும். பால் போன்ற வெண்ணிறமுடைய புரொபோஃபால் இரத்த நாளத்தின் வழியே ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும்; நிறுத்தினால் விரைவில் தெளியும்; ஆனால் மூச்சை அடக்கக்கூடியது. செவோஃப்ளுரேன் என்பது முகமூடி வழியே சுவாசிக்கும் வாயு. ஊசிக்கு அஞ்சும் குழந்தைகளுக்கு ஏற்றது. இவற்றுள் எது என்பதைக் குழந்தையின் வயது, நோய், ஸ்கேன் நீடிக்கும் நேரம் ஆகியவற்றைக் கொண்டு மயக்கவியல் மருத்துவர் முடிவு செய்கிறார்.

"வாய்வழி மருந்து எளியது, ஊசி மருந்துதான் ஆபத்தானது" என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. ஊசிக் குழாய் வழியே செல்லும் மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டவும் குறைக்கவும் இயலும். விழுங்கிய மருந்தைத் திரும்பப் பெற இயலாது. எனவே இதைக் கண்டிப்பாக வேண்டுகிறோம்: முன்பு ஏதோ ஒரு பரிசோதனைக்காக வாங்கிய உறக்க மருந்து வீட்டில் மீதமிருந்தாலும், "வழியிலேயே உறங்கிவிட்டால் நல்லது" என்று எண்ணி அதை வீட்டிலோ வண்டியிலோ கொடுத்துவிடாதீர்கள். காவலின்றித் தரும் மயக்கமே குழந்தைகளுக்குத் தீங்கு விளைவிக்கும் மயக்கம்.

காந்த அறையில் உள்ள சிக்கல்

அறுவை அரங்கில் மயக்கவியல் மருத்துவர் நோயாளியின் தலைமாட்டிலேயே நிற்கிறார். எம்.ஆர்.ஐ. அறையில் குழந்தை குழாய்க்குள் இருக்கும். முகத்தை நேராகக் காண இயலாது. இயந்திரத்தின் ஓசையில் மூச்சொலியோ கருவிகளின் எச்சரிக்கை மணியோ கேட்பதில்லை. ஆகவே காந்தத்துக்கு ஈடுகொடுக்கும் தனிவகைக் கருவிகளையே நம்புகிறோம். ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஒவ்வொரு மூச்சிலும் வெளிவரும் கார்பன்-டை-ஆக்சைடை அளக்கும் கருவி, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் காட்டும் திரை ஆகியவை படப்பிடிப்பு முடியும் வரை எங்கள் கண்முன் இருக்கின்றன. குழந்தையின் மூச்சில் மாற்றம் தோன்றினால், படப்பிடிப்பைப் பாதியில் நிறுத்திக் குழந்தையை அறையைவிட்டு வெளியே கொண்டுவந்து கவனிக்கிறோம். "ஏன் நிறுத்தினார்கள்?" என்று கவலைப்படாதீர்கள், படத்தை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் இயந்திரத்தின் காந்தம் 1.5 டெஸ்லா ஆற்றல் கொண்டது. பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. ஸ்கேன் நடைபெறாத வேளையிலும் அது அணைவதில்லை. 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், மயக்க நிலையில் ஸ்கேன் குழாய்க்குள் இருந்த ஆறு வயதுச் சிறுவன், அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் உருளையைக் காந்தம் இழுத்ததால் தாக்கப்பட்டு உயிரிழந்தான். 2018-இல் மும்பையில் நோயாளிக்குத் துணையாக வந்த உறவினர் ஒருவர் இதே போன்ற நேர்ச்சியில் மாண்டார். வாசலில் எங்கள் பணியாளர் மீண்டும் மீண்டும் கேள்வி கேட்பதும், பையைச் சோதிப்பதும் இதனால்தான்.

நம் வீடுகளில் குழந்தையின் உடலில் உலோகம் இல்லாமல் இருப்பது அரிது. கொலுசு, காப்பு, தோடு, அரைஞாணில் கோத்த வெள்ளி, கழுத்தில் கட்டிய தாயத்து, சட்டையின் உட்புறம் குத்திய ஊக்கு என்று பட்டியல் நீளும். வெள்ளியையும் பொன்னையும் காந்தம் ஈர்ப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் உள்ளே செலுத்தப்படும் ரேடியோ அலைகளால் அவை சூடேறித் தோலைச் சுடக்கூடும், படத்தையும் கெடுக்கும். விழித்திருக்கும் பிள்ளை "சுடுகிறது" என்று கத்தும். மயங்கிய குழந்தை அதைச் சொல்ல முடியாது. ஆகவே வீட்டிலேயே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வாருங்கள். கழற்ற முடியாத தோடு போன்றவை இருந்தால் முதல்நாளே தெரிவியுங்கள். குழந்தையின் உடலில் பொருத்திய கருவி, தகடு, ஷன்ட் குழாய், காது உள்வைப்பு எதுவாயினும் அதன் அட்டையையும் பழைய மருத்துவக் குறிப்புகளையும் கொண்டுவாருங்கள்.

உடன் வரும் தாய்மார் தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை மறந்துவிடுகின்றனர். அவை எஃகினால் ஆனவை. அவற்றை எடுத்துவிட்டே உள்ளே வர வேண்டும். நகைகளைக் கழற்ற மனமில்லாதவர் வெளியே காத்திருக்கலாம். குடும்பத்தில் வேறொருவர் வரலாம். கருவுற்றிருக்கும் தாய்மார் முன்கூட்டியே எங்களிடம் கூறிவிட வேண்டும்.

வெறும் வயிறு எதற்கு?

மயக்கத்தில் இருமலும் விழுங்குதலும் தளர்ந்துவிடும் என்று முன்பே கூறினோம். அந்நேரத்தில் வயிற்றில் உணவு இருந்தால், அது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடக்கூடும். உணவுத் துணுக்கு காற்றுவழியை அடைக்கும். வயிற்றின் அமிலம் நுரையீரலைப் புண்படுத்தும். அதனாலேயே எமது மருத்துவமனையில் பின்வரும் கால அளவைக் கடைப்பிடிக்கிறோம்.

• சோறு, இட்லி, பிஸ்கட், ரஸ்க், பழம், கூழ், கஞ்சி, பசும்பால், பால்மாவு: மயக்கத்துக்கு 6 மணி நேரம் முன்பு வரை.

• தாய்ப்பால்: 4 மணி நேரம் முன்பு வரை.

• தெளிந்த நீர், சர்க்கரை கலந்த நீர்: 2 மணி நேரம் முன்பு வரை.

பால் நீர்மமாகத் தோன்றினாலும் வயிற்றுக்குள் சென்றதும் திரிந்து கட்டியாகிவிடும்; ஆகவே அதை உணவாகவே கருத வேண்டும். கஞ்சித் தெளிவும் அவ்வாறே. மறுபுறம், தேவைக்கு மேற்பட்ட பட்டினியும் நல்லதன்று. "எதற்கு வம்பு" என்று முன்னிரவிலிருந்தே நீர்கூடத் தராமல் சிலர் அழைத்து வருகின்றனர். அத்தகைய குழந்தையின் உடலில் நீரும் சர்க்கரையும் குறைந்துவிடும். ஊசி போடுவதற்கு நாளமும் கிடைக்காது. குறித்த நேரம் வரை நீர் கொடுங்கள். அதற்காக அதிகாலையில் குழந்தையை எழுப்ப நேர்ந்தாலும் எழுப்பிக் கொடுங்கள். வலிப்பு மருந்து உட்கொள்ளும் குழந்தைக்கு, மருத்துவர் வேறு விதமாகக் கூறியிருந்தாலன்றி, அன்றைய மருந்தைத் தவறவிடாமல் ஓரிரு வாய் நீரோடு உரிய நேரத்தில் கொடுத்துவிட வேண்டும்.

எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி இங்கே கூறுவது பொருந்தும். வலிப்புக்காக ஸ்கேன் எடுக்க வேண்டிய மூன்று வயதுச் சிறுமி. காலை ஒன்பது மணிக்கு நேரம் ஒதுக்கியிருந்தோம். தொலைவிலுள்ள ஊரிலிருந்து விடியுமுன்னே புறப்பட்டுப் பேருந்தில் வந்திருந்தனர். தந்தை அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். "ஏதாவது சாப்பிட்டாளா?" என்று கேட்டதற்கு, "இல்லை" என்று தாய் உறுதியாகக் கூறினார். குழந்தையை உள்ளே தூக்கிச் செல்லும் தறுவாயில், உடன் வந்திருந்த பாட்டி எழுந்து வந்தார். "ஆறரை மணி இருக்கும், டாக்டர். பஸ்சிலே பிள்ளை பசி தாங்காமல் அழுதாள். ஒரு ரஸ்க்கைப் பாலில் நனைத்துக் கொடுத்துவிட்டேன். மகளுக்குத் தெரியாது" என்றார். சொல்லும்போதே அவர் குரல் நடுங்கியது. திருப்பி அனுப்பிவிடுவோமோ என்ற அச்சம். இத்தனை பேரின் உழைப்பும் தம்மால் வீணாகிவிட்டதே என்ற குற்ற உணர்வு.

நாங்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, நன்றி கூறினோம். வரிசையை மாற்றி அமைத்தோம். பிற்பகல் ஒரு மணிக்கு அச்சிறுமிக்கு மயக்கம் தரப்பட்டது; ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. அந்த நான்கு மணி நேரக் காத்திருப்பு எவருக்கும் உவப்பாக இருந்திராது. ஆனால் அந்தப் பாட்டி வாய் திறவாமல் இருந்திருந்தால், எங்களிடமிருந்த எந்தக் கருவியும் அந்த ரஸ்க்கை முன்கூட்டி எங்களுக்குக் காட்டியிராது. உணவைப் பற்றி உண்மை கூறுவதால் நேரம் தள்ளிப்போகலாம், சிகிச்சை மறுக்கப்படாது. இதைக் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், குறிப்பாகத் தாத்தா பாட்டிக்கும் அண்ணன் அக்காளுக்கும், வீட்டிலேயே விளக்கிக் கூறிவிடுங்கள்.

சளி பிடித்திருந்தால்

"இலேசான சளிதான்" என்று பெற்றோர் கூறும்போது, நாங்கள் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்பதைக் கண்டிருப்பீர்கள். சளியோ இருமலோ காய்ச்சலோ இருக்கும்போது குழந்தையின் மூச்சுவழி கூருணர்வு மிக்கதாக இருக்கும். மயக்கத்தின்போது சிறு தூண்டுதலுக்கும் குரல்வளை இறுக மூடிக்கொள்ளலாம். ஆக்சிஜன் அளவு சடுதியில் இறங்கலாம். சளி நின்ற பிறகும் இரண்டு வாரம் வரையேனும் இந்தக் கூருணர்வு நீடிக்கிறது. எனவே அவசரமற்ற ஸ்கேனை இரண்டு முதல் நான்கு வாரங்கள் தள்ளிவைக்கிறோம். அவசரமெனில், இரு பக்க ஆபத்தையும் உங்களிடம் எடுத்துரைத்து, கூடுதல் முன்னேற்பாடுகளுடன் செய்கிறோம். சளி இருந்தால் புறப்படுமுன் தொலைபேசியில் தெரிவித்துவிடுங்கள். வீண் பயணம் மிச்சமாகும்.

மூளை வளர்ச்சி பாதிக்கப்படுமா?

படித்த பெற்றோர் பலர் இன்று இக்கேள்வியோடு வருகின்றனர். விலங்குகளில் நடந்த ஆய்வுகளின் அடிப்படையில் இந்த ஐயம் எழுந்தது. 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ, திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து தருவது வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று எச்சரித்தது.

அதே வேளையில், ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. குடலிறக்க அறுவையின்போது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முழு மயக்கம் பெற்றவர்களையும், உடலின் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்த முறையில் அறுவை பெற்றவர்களையும் அது ஒப்பிட்டது. ஐந்து வயதில் இரு குழுவினரின் அறிவுத்திறனிலும் வேறுபாடு காணப்படவில்லை.

ஒரு ஸ்கேனுக்கான மயக்கம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவது. ஆகவே தேவையான ஸ்கேனை அச்சத்தால் தள்ளிப்போடுவதில்தான் தீங்கு மிகுதி. அதே நேரத்தில் "எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்" என்ற போக்குக்கும் நாங்கள் உடன்படுவதில்லை. ஒரே மயக்கத்தில் இரண்டு பரிசோதனைகளை முடிக்க இயலுமானால் அதற்கே முயல்கிறோம். வேறு மருத்துவர் வேறு பரிசோதனை எழுதித் தந்திருந்தால் அந்தச் சீட்டையும் கொண்டுவாருங்கள்.

அன்றைய நாளும் அதன் பின்னும்

பெரும்பாலான குழந்தைகளுக்கு மயங்கும் வரை பெற்றோரில் ஒருவர் அருகிருக்கலாம். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பை முன்கூட்டியே தடவிவிடுவதால் ஊசியின் வலி குறையும். மயங்கும் தறுவாயில் குழந்தையின் கண்கள் மேலே செருகலாம், கைகால் சற்று உதறலாம், மூச்சொலி மாறலாம். அவை எதிர்பார்க்கத் தக்கவையே. முத்தமிட்டுவிட்டு வெளியே வாருங்கள்; அதன்பின் எங்களில் ஒருவர் குழந்தையைவிட்டு அகலமாட்டார்.

விழிக்கும்போது சில குழந்தைகள் காரணமின்றி வீறிட்டு அழும். தாயைக்கூட அடையாளம் காணாததுபோல் திமிறும். மயக்க வாயுவுக்குப் பின் இது நேர்வதுண்டு. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகத் தணிந்துவிடும். அமைதியான குரலில் பேசிக்கொண்டு அணைத்திருந்தால் போதும். முழுதும் தெளிந்தபின் முதலில் நீர், அது தங்கினால் பால், பின்னர் எளிய உணவு என்று தொடங்கலாம். குறைமாதத்தில் பிறந்த சிறு கைக்குழந்தைகளுக்கு மயக்கத்துக்குப் பின் மூச்சு இடையிடையே நின்றுபோகும் வாய்ப்பு உள்ளதால், தேவைப்பட்டால் ஓரிரவு தங்கவைக்கிறோம்.

வீடு திரும்பும் பயணத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மருந்தின் மிச்சம் உடலில் இருக்கும். குழந்தை மீண்டும் கண்ணயரக்கூடும். மடியில் அமர்ந்த நிலையில் உறங்கும் குழந்தையின் தலை முன்னோக்கித் தொங்கினால், மூச்சுவழி ஓசையின்றி அடைபடும். ஆகவே அன்று இருசக்கர வண்டியில் அழைத்துச் செல்ல வேண்டா. வண்டி ஓட்டுபவரைத் தவிர மற்றொருவர் குழந்தையின் அருகிலேயே அமர்ந்து, அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அன்று முழுதும் மாடிப்படி, மிதிவண்டி, நீர்நிலை ஆகியவற்றில் தனியே விடாதீர்கள். எழுப்பினால் எழாமை, மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், ஓயாத வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள், 108-ஐ அழையுங்கள்.

மறைக்காமல் கூற வேண்டியவை

• கடைசியாக உண்டது, குடித்தது எப்போது, எது.

• கடந்த நான்கு வாரங்களில் சளி, இருமல், காய்ச்சல், வீசிங்.

• உறங்கும்போது குறட்டை, மூச்சு இடையில் நின்றுபோதல்.

• இதய நோய், குறைமாதப் பிறப்பு, உணவு எதிர்க்களித்து வாந்தியாதல்.

• ஒவ்வாமை, அன்றாடம் தரும் மருந்துகள், நாட்டு மருந்தும் சேர்த்து.

• ஆடும் பல். மயக்கத்தில் அது விழுந்து மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும்.

• குழந்தைக்கோ இரத்த உறவினர் எவருக்கோ முன்பு மயக்க மருந்தால் நேர்ந்த சிக்கல்.

இக்கேள்விகளை நாங்கள் ஒருமுறை அன்று, மூன்று முறை கேட்போம். சீட்டு பதியும் இடத்தில் ஒருமுறை, செவிலியர் ஒருமுறை, மயக்கவியல் மருத்துவர் ஒருமுறை. சலிப்படையாமல் மூன்று முறையும் விடை கூறுங்கள். அந்தப் பாட்டிக்கு உண்மை நினைவுக்கு வந்ததும், அதைச் சொல்லத் துணிவு வந்ததும் மூன்றாம் முறை கேட்டபோதுதான்.